எட்டுப் பிரபுக்களும் பதினான்கு நிபந்தனைகளும்

சம்பந்தம் பேசப் போகிறவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பேருந்தில் ஏறக்கூடாது. திண்டிவனம் தாண்டுவதற்குள் எனக்கு இது புரிந்துவிட்டது. வெயிலும் கூட்டமும் சேர்ந்து புடவையைக் கசக்கி எடுத்திருந்தன. மடியில் ஒரு பை. அதற்குள் சார்ல்ஸ்டனிலிருந்து கொண்டுவந்த பெக்கான் பருப்பு மிட்டாய். அதில் முட்டை கலந்திருக்கிறதா என்று டப்பாவின் பின்பக்கத்தை எத்தனை முறை படித்தேனோ தெரியாது.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். இருபத்திரண்டு வருஷமாக அமெரிக்காவில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இருக்கிறேன். என் மகள் யாழினிக்கு அங்கே அஜிதன் என்று ஒரு பையனைப் பிடித்துப்போனது. அவன் ஊர் செஞ்சி. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்ச் சமணக் குடும்பம். என் கணவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்ததால், பையனின் பெற்றோரைப் பார்த்துப் பேசி முடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கிளம்பும்போது அவர் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்பினார். கணபதி ஹோமம் நடக்க வேண்டும், தாலி நம் வழக்கப்படி இருக்க வேண்டும், சாப்பாட்டில் குறை இருக்கக்கூடாது.

வல்லத்தில் பேருந்து நின்றது. டயர் பஞ்சர். பத்தே நிமிஷம் என்றார் நடத்துநர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எல்லோரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கினோம். அங்கே ஓர் அம்மாள் அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் கரோலினாவிலும் சாலையோரத்தில் இதே கடலையை இதே மாதிரி உப்புப் போட்டு அவித்து விற்பார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அங்கேயும் பேருந்து இப்படி நடுவழியில் நிற்குமா என்று கேட்டார். நிற்பதற்கு முதலில் வர வேண்டுமே என்றேன். அதை உடனே நம்பினார்.

செஞ்சியை நெருங்கும்போது இன்னொரு தடங்கல். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்து நின்றன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை இந்த ஊரில் கமிட்டி என்கிறார்கள். கமிட்டிக்கு நெல் வரும் நாளென்றால் இப்படித்தானாம். யாரும் சத்தம் போடவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்து டிராக்டர்காரரிடம் மழை நிலவரம் கேட்டார். வலது பக்கம் பாறைகளைக் கொட்டிக் குவித்த மாதிரி மலைகளும், அவற்றின் மேல் ஓடும் கோட்டைச் சுவரும் மாலை வெயிலில் சிவந்துகொண்டிருந்தன. பார்த்தது நான் மட்டும்தான்.

பேருந்து நிலையத்துக்குப் பையனின் அப்பா ஸ்கூட்டரில் வந்திருந்தார். பெயர் அப்பாண்டைராஜ். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஒல்லியான உருவம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வீட்டை அடைந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது.

அவர் மனைவி ராஜமதி உடனே இலை போட்டார். இட்லி, வெங்காயம் சேர்க்காத கத்திரிக்காய் கொத்சு, பாசிப்பருப்புப் பாயசம். நல்ல பசி எனக்கு. நீங்களும் உட்காருங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். "நீங்க சாப்டுங்க" என்று இருவரும் எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். நாலாவது இட்லியில்தான் சமையலறை வாசலில் நறுக்கி வைத்த இன்னும் இரண்டு இலைகளைக் கவனித்தேன். அவர்கள் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுவதில்லை. விருந்தாளியை விட்டுவிட்டு முன்னால் உண்ண மனம் வராமல் காத்திருந்திருக்கிறார்கள். காத்திருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. இனி மறுநாள் காலையில்தான்.

எனக்குக் கை நின்றுவிட்டது. ராஜமதி புரிந்துகொண்டார். "எங்களுக்குப் பழக்கம்க்கா. நீங்க பாதில வெச்சுட்டீங்கனாதான் எங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று பாயசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினார். இரண்டு பேர் என்னால் பட்டினி கிடக்க, நான் பாயசம் குடித்தேன். அதுவும் நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டம்.

மறுநாள் காலை மொட்டைமாடிக்குப் போனேன். ராஜமதி வடகம் காயவைத்துவிட்டு, கையில் குச்சியோடு குரங்குக்குக் காவல் இருந்தார். அவருக்கு நேர் பின்னால் கோட்டை. மேலே ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை கூட்டிப்போனார்களாம். பாதியிலேயே செருப்பு அறுந்து திரும்பிவிட்டாராம். பிறகு அவர் பார்வை குரங்குப் பக்கம் போய்விட்டது.

வெண்பொங்கல் சாப்பிட்ட பிறகு அப்பாண்டைராஜ் என் வேலையைப் பற்றிக் கேட்டார். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் முதலில் குடியேறிய ஆற்றங்கரை இப்போது ஒரு பூங்காவாக இருக்கிறது. அங்கே நான் வழிகாட்டி. தலையில் வெள்ளைத் துணித் தொப்பி மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும். தொப்பி போட்ட என் படத்தைக் காட்டினேன். ராஜமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் கணவர் படத்தை விட்டுவிட்டு, என்ன கதை சொல்வீர்கள் என்றார்.

சொன்னேன். முன்னூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து மன்னர், தன் பக்கம் நின்ற எட்டுப் பிரபுக்களுக்கு நன்றி செலுத்த நினைத்தார். கையில் இருந்ததைக் கொடுக்காமல் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு நாட்டையே பட்டயம் எழுதிக் கொடுத்தார். அதுதான் கரோலினா. எட்டுப் பேரில் ஒருவர்கூட அங்கே போய்க் குடியேறவில்லை. லண்டனில் உட்கார்ந்தபடியே அந்த நாட்டுக்கு நூற்றிருபது ஷரத்துகளில் ஒரு சட்டம் எழுதினார்கள். பன்னிரண்டாயிரம் ஏக்கர் ஒரு பண்ணை என்று பிரித்தார்கள். ஜெர்மன் மொழியிலிருந்து ஒரு பட்டம், செவ்விந்தியத் தலைவர்களை அழைக்கும் சொல்லிலிருந்து ஒரு பட்டம் எடுத்துப் புதுப் பிரபுக்களை உண்டாக்கினார்கள். அந்த மண்ணில் ஏற்கனவே கியாவா மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கறுப்பின மக்களை அடிமையாக வைத்திருப்பவனுக்கு அவர்கள் மேல் முழு அதிகாரம் உண்டு என்று ஒரு ஷரத்து. அந்த அடிமைகள்தான் பின்னால் சதுப்பில் இடுப்பளவு நீரில் நின்று நெல் விளைவித்துக் கரோலினாவைப் பணக்கார நாடாக்கினார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்குத் தொப்பியைக் கழற்றிவிடத் தோன்றும்.

அப்பாண்டைராஜ் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே சமயத்தில் செஞ்சி பீஜப்பூர் சுல்தானின் கையில் இருந்தது என்றும், சுல்தான் ஒருமுறையாவது இங்கே வந்து பார்த்ததாகத் தான் படித்ததில்லை என்றும் சொன்னார். அவர் மகிழ்ச்சியாக இருந்தார். பாடம் நடத்தி நாளாகியிருக்க வேண்டும்.

ராஜமதி முறத்திலிருந்து நிமிர்ந்து ஒன்று கேட்டார். "அங்க போயி இருந்தவங்க அந்தச் சட்டத்த ஒத்துக்கினாங்களா?"

ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பிரபுக்கள் திருத்தித் திருத்தி அனுப்பினார்கள். குடியேறியவர்களின் சபை கடைசிவரை அதை முறையாக ஏற்கவில்லை. ஐம்பது வருஷத்தில் தென் பகுதி மக்கள் பிரபுக்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ராஜமதி "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி உளுந்தில் கல் பொறுக்கினார்.

வெயில் ஏறிய பிறகு கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது. என் கணவர் சொல்லி அனுப்பிய மூன்றையும் முதலில் நான் சொன்னேன். அப்பாண்டைராஜ் அலமாரியிலிருந்து கோடு போட்ட ஒரு முழுத்தாளை எடுத்து வந்தார். பதினான்கு நிபந்தனைகள், வரிசை எண் போட்டு, அழகான கையெழுத்தில். ஒவ்வொன்றாகப் படித்தார். கல்யாணம் பகலில், சமண முறையில். விருந்தில் கிழங்கு, வெங்காயம், பூண்டு கூடாது. இதற்கெல்லாம் நான் தலையாட்டினேன். கணபதி ஹோமத்துக்கு இடமில்லை என்றபோது, என் கணவரை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தபடி அதற்கும் தலையாட்டினேன். ஒன்பதாவதில் நின்றேன். பெண் இனி ஆயுளுக்கும் கறி, மீன், முட்டை தொடமாட்டாள் என்று நாங்கள் உறுதி கொடுக்க வேண்டும். பத்தாவது, அவர்கள் குடித்தனம் நடத்தும் வீட்டில் அடுப்பு சூரியன் மறையுமுன் அணைய வேண்டும். பதினொன்றாவது, பிறக்கும் பிள்ளைகள் சமணராகவே வளர வேண்டும்.

மற்றதெல்லாம் சரி, என் மகள் என்ன சாப்பிடுவாள் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது என்றேன். அவளுக்கு மீன் குழம்பு என்றால் உயிர். தனியாக வீடு எடுத்து இருந்தாலும், வாராவாரம் நான்தான் செய்து கொடுத்தனுப்புகிறேன்.

மீன் குழம்பு என்ற சொல் அந்தக் கூடத்தில் விழுந்ததும் அவர் முகம் மாறியது. அவர் கோபப்படவில்லை. தாளை நான்காக மடித்தார். "அப்ப யோசிக்கணும்ங்க. அந்த ஒம்பதாவது இல்லன்னா மத்த பதிமூணும் எனக்கு எதுக்கு?" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று பிற்பகல் முழுவதும் நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பத்தாயிரம் மைல் வந்து ஒரு மீன் குழம்பில் காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. யாழினியிடம் என்ன சொல்வது? ஐந்தரைக்கே ராஜமதி மூன்று இலைகள் போட்டார். மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். புடலங்காய்க் கூட்டு, மோர்க்குழம்பு.  அப்பாண்டைராஜ் மோரைத் தானே எடுத்து என் இலைப் பக்கம் நகர்த்தி வைத்தார். முழுக்கக் கெட்டுவிடவில்லை என்று ஒரு சின்ன நம்பிக்கை வந்தது.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குள் திருநாதர்குன்றுக்குக் கூட்டிப்போனார்கள். ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம்தான். ஷேர் ஆட்டோவில் நான் நடுவில், அவர்கள் ஆளுக்கொரு பக்கம். ஓட்டுநர் எங்கள் மௌனத்தைப் பொறுக்க முடியாமல் பாட்டு வைத்தார்.

குன்றின் மேல் ஒரு பெரிய பாறை. அதில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள், இரண்டு வரிசையாக, சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இளவெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு முகத்திலும் நிழல் கட்டியிருந்தது. எதிரே நின்றபோது எனக்கு முந்தைய நாள் சண்டை கொஞ்சம் அற்பமாகத் தெரிந்தது. பக்கத்துப் பாறையில் ஒரு கல்வெட்டு. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்த ஒரு முனிவரின் நினைவாக வெட்டியது. அப்பாண்டைராஜ் எழுத்துகளின் மேல் விரல் படாமல் விரலை ஓட்டிக் காட்டினார். குரலில் பெருமை இருந்தது.

அப்போதுதான் ராஜமதி பேசினார். கணவரைப் பார்த்துப் பேசவில்லை. பாறையைப் பார்த்துப் பேசினார்.

"நீங்க பதினாலு எழுதினீங்க. அக்கா வீட்டுக்காரரு மூணு சொல்லி அனுப்பிக்கிறாரு. அங்க இருக்கப்போற ரெண்டு பேர இன்னான்னு கேட்டமா?"

  அப்பாண்டைராஜ் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். அங்கே இரவு ஒன்பதரை இருக்கும், தூங்கியிருக்க மாட்டார்கள் என்று நான் கணக்குச் சொன்னேன். வீடியோவிலேயே கூப்பிட்டார்.

திரையில் அஜிதன் வந்தான். கையில் கரண்டி. முன்னால் தட்டு. தட்டில் ஆவி பறந்தது.

அவர் முனிவரின் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி மகனின் தட்டைப் பார்த்தார். "இன்னாடா சாப்பிடற?"

"சாதம் நைனா." கரண்டியை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "வேலை முடிஞ்சி வரவே எட்டாவுது நைனா. குளிர்காலத்துல அஞ்சேகாலுக்கே இருட்டிடுது. மொத வருஷம் ட்ரை பண்ணேன். முடியல."

எத்தனை வருஷமாக என்று கேட்டார். நாலு என்றான். நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் போனில், சாப்பிட்டாயா என்று இவர் கேட்க, ஆறு மணிக்கே ஆச்சு என்று அவன் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். அது அரை நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பின்னாலிருந்து யாழினியின் முகம் எட்டிப் பார்த்தது. அந்நேரத்துக்கு அவளுக்கு அங்கே என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஒன்பதாவது நிபந்தனையைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அவள் அஜிதனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, நான் கறி மீன் விட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு. யாரும் சொல்லி இல்ல. எனக்கே வேணாம்னு தோணுச்சு."

"அப்ப நான் வாராவாரம் கொடுத்து அனுப்பினது?"

"மாடி வீட்டு ஆன்ட்டிக்கு ரொம்பப் பிடிக்கும்மா. உன்கிட்ட சொல்லணும்னு நினைப்பேன். நீ டப்பாவை மூடிக் குடுக்கும்போது உன் மூஞ்சியப் பாத்தா சொல்ல முடியாது."

ஒன்றரை வருஷம். வாரம் ஒரு டப்பா. ஞாயிறு காலை மீன் சந்தைக்கு நாற்பது நிமிஷம் கார் ஓட்டிப் போவேன். யாரோ மாடி வீட்டு ஆன்ட்டிக்காகப் புளி கரைத்திருக்கிறேன். ஒரு பெண்ணை இருபத்தேழு வருஷம் வளர்த்தவளுக்கு அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்ததும் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் அப்பாண்டைராஜும் திரும்பியிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான். சத்தம் வராத, தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு.

"நூத்திருவது ஷரத்து எழுதினவங்களுக்கே அந்தக் கதி. நம்ம எம்மாத்திரம்?" என்றார்.

மடித்த தாளை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, பாறையின் மேல் வைத்துக்கொண்டார். உங்களுக்கு எது வேண்டும், சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார் பிள்ளைகளிடம். அவர்களும் யோசித்துத்தான் சொன்னார்கள். கல்யாணம் செஞ்சியில், பகலில், சமண முறையில். விருந்து அந்த ஊர் வழக்கப்படி. தாலி கும்பகோணம் வழக்கப்படி. அவர்கள் வீட்டு அடுப்பு எப்போது எரியும், எப்போது அணையும் என்பது அவர்கள் பாடு. பிள்ளைகளைப் பற்றி, பிள்ளைகள் பிறந்த பிறகு. ஐந்தே வரியில் முடிந்துவிட்டது. பதினொன்றாவது போனதில் அவருக்கு வருத்தம்தான். எழுதும்போது பேனா அந்த இடத்தில் கொஞ்சம் நின்றது. ஆனாலும் எழுதினார்.

இறங்கி வந்து என் கணவரை அழைத்தேன். ஹோமம் இல்லை என்றதும் நீளமாக மூச்சு விட்டார். பிறகு, உருளைக்கிழங்கு பொரியல்கூடக் கிடையாதா என்று கேட்டார். பரவாயில்லை, சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மதியம் ராஜமதி பெரிய சமையல் செய்தார். வாழைக்காய் வறுவல், பூசணிக்காய் மோர்க்கூட்டு, சுண்டைக்காய் வற்றல் குழம்பு, போளி. குழாயில் துணி கட்டி வடிகட்டிய தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. என் பெக்கான் மிட்டாயையும் பிரித்தோம். அப்பாண்டைராஜ் டப்பாவின் பின்பக்கத்தை முழுவதும் படித்துவிட்டுத்தான் வாயில் போட்டார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். கூட்டில் பெருங்காயம் தூக்கலாக இருந்தது. அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

நாலாம் நாள் காலை நான் விழுப்புரம் போய்க் கும்பகோணத்துக்கு ரயில் பிடிக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். அப்பாண்டைராஜ் கூட்டத்தில் நுழைந்து ஜன்னல் வழியாகத் துண்டை விரித்துப் போட்டு இரண்டு பேருக்கு இடம் பிடித்தார். ஒருத்திக்கு எதற்கு இரண்டு பேர் இடம் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். பின்னால் ராஜமதியும் ஏறினார். நல்ல காட்டன் புடவை, கையில் ஒரு துணிப்பை.

"விழுப்புரம் வரைக்கும் நானும் வரேன்க்கா. இன்னிக்கு பாஸ்போர்ட்டுக்கு வரச் சொல்லிக்கிறாங்க."

பையைத் திறந்து காட்டினார். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், எல்லாம் நகலோடு. எப்போது விண்ணப்பித்தீர்கள் என்று கேட்டேன்.

"பத்து நாளாவுது. பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு கம்ப்யூட்டர் கடை. அந்தப் பொண்ணுதான் போட்டுக் குடுத்துச்சு."

பத்து நாளுக்கு முன்னால் நான் சார்ல்ஸ்டனில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நான் இந்த ஊருக்கு வருவதற்கும், தாள் விரிவதற்கும், மடிவதற்கும் முன்னாலேயே இந்த அம்மாள் முடிவு செய்துவிட்டிருந்தார். வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்றேன். காலையில்தான் சொன்னாராம். ஜன்னலுக்கு வெளியே அவர் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தபடி, போட்டோ எடுத்துக்கொண்டாயா என்று மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்து நகர்ந்தது. செஞ்சி தாண்டிக் காற்று உள்ளே வந்ததும் ராஜமதி பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"எதுக்கு வெளிநாடு போறீங்கன்னு கேட்டா இன்னா சொல்றதுக்கா?"

பாஸ்போர்ட்டுக்கு அதெல்லாம் கேட்கமாட்டார்கள், கேட்டால் மகனைப் பார்க்க என்று சொல்லுங்கள் என்றேன்.

 ராஜமதி இல்லையென்று தலையை அசைத்தார்.

"என் பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு சொல்லப்போறேன்."